மாநகர முதல்வருக்கு: பங்குனியில் ஒரு ஞாயிறு எங்களோடு சைக்கிள் ஓடுங்கள்

யாழ்ப்பாண மாநகர சபையின் மதிப்புக்குரிய முதல்வர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வருகிற பங்குனியில், அதாவது மார்ச் மாதத்தில், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தே முக்காலிலிருந்து எட்டரை வரை, நகரத்தைச் சுற்றிவரும் ஒரு பாதையை மோட்டார் வாகனங்களுக்கு மூடித் தாருங்கள். சைக்கிள் வைத்திருக்கிற எவரும் வந்து அந்தப் பாதையில் ஒன்றாக ஓடட்டும். உங்கள் சபையின் உறுப்பினர்கள் அனைவரும் எங்களோடு சேர்ந்து முழுப் பாதையையும் ஓட வேண்டும். இரண்டு கோரிக்கைகள்தான். முதலாவதைவிட இரண்டாவதே எனக்கு முக்கியம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் ஒரு ஆசிரியை. அரியாலையிலிருந்து நகரத்துப் பாடசாலைக்குப் பல வருடங்களாகச் சைக்கிளில் போய்வருகிறேன். என்னைப் போலச் சேலை கட்டிக்கொண்டு சைக்கிளில் போகும் ஆசிரியைகளைக் காலை ஏழு மணிக்குக் கண்டி வீதியில் நீங்கள் கண்டிருப்பீர்கள். எங்களுக்கு முன்னால், ஆறு மணிக்கே, ரியூசனுக்குப் போகும் பிள்ளைகள் போய்விடுவார்கள். சீமெந்துக் கரண்டியையும் மட்டப்பலகையையும் கரியரில் கட்டிக்கொண்டு மேசன்மார் போவார்கள். பாசையூரிலிருந்து மீன் பெட்டி கட்டிய சைக்கிள்கள் வரும். பூசைக்குப் பூ வாங்கப் போகும் ஐயா, கடைக்குப் பாண் வாங்கப் போகும் அப்பப்பா, வைத்தியசாலைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் தாய். இந்த நகரம் விடியும்போது முதலில் வீதிக்கு வருவது சைக்கிள்காரர்தான். ஆனால் வீதியைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் வாகனத்தில் வருகிறவர்களே வருகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சைக்கிளில் இருந்து பார்க்கும்போது தெரிவது வாகனக் கண்ணாடிக்குள்ளால் தெரியாது, அவ்வளவுதான்.

கடந்த பங்குனியில் நாங்கள் சிலர், அயலவர்களும் கூட வேலை செய்பவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக, ஒரு ஞாயிறு காலையில் சேர்ந்து ஓடினோம். எங்களுக்குச் சங்கமும் கிடையாது, பெயரும் கிடையாது. பொதுநூலக முன்றலில் கூடினோம். மெல்லவே ஓடுவது, யாரையும் பின்னால் விடுவதில்லை என்று பேசிக்கொண்டோம். பாதை தெரிந்த ஒருவர் முன்னால், பொறுமையுள்ள ஒருவர் கடைசியில். எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணை, காற்றடிக்கும் பம்மும் ஒட்டுப்போடும் சாமானும் எடுத்துக்கொண்டு நடுவில் வந்தார்.

கோட்டையைச் சுற்றிப் பண்ணைப் பக்கம் போனபோது கடல் அசையாமல் கிடந்தது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் பண்ணைப் பாலத்தில் சைக்கிள் ஓடுவது என்ன பாடு என்று வேலணைப் பக்கம் போய்வருகிறவர்களைக் கேளுங்கள். பெடலை எவ்வளவு மிதித்தாலும் சில்லு நகராது. மாரியில் மழையும் வாடையும். இரண்டுக்கும் நடுவே பங்குனியில்தான் இந்தக் குடாநாடு சைக்கிளுக்கு இணங்கி வருகிறது. காலையில் காற்று இல்லை, வெயில் இன்னும் ஏறவில்லை, வேம்பு பூத்திருக்கிறது, வேலிகளில் முள்முருக்கு சிவந்து நிற்கிறது. பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோவிலுக்குப் பானையும் அரிசியும் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் போன காலத்தை எங்களோடு வந்த ஒரு அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். முன் பாரில் ஒரு பிள்ளை, பின் கரியரில் மனைவி, அவரின் மடியில் இன்னொரு பிள்ளை, ஹான்டிலில் பொங்கல் பானை. போன வழியெல்லாம் இப்படியான சைக்கிள்களே இருந்தன என்றார்.

குருநகரிலிருந்து கடற்கரை வீதியால் பாசையூர், கொழும்புத்துறை என்று போனோம். அந்தப் பகுதியைப் பற்றி நான் நீளமாக எழுதலாம். வலை காயப்போட்ட கம்புகள், கரையில் இழுத்து விட்ட வள்ளங்கள், அந்தோனியார் கோவில் மணி. ஆனால் என் மனதில் நிற்பது சனங்கள். நாங்கள் மெல்லப் போனதால் எல்லோரோடும் கதைக்க முடிந்தது. "எங்கே போறியள்?" என்று படலைக்கு வந்து கேட்டார்கள். சும்மா ஓடுகிறோம் என்றோம். ஒரு பெரியவர் உள்ளே போய்த் தன் பழைய ராலி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எங்களோடு சேர்ந்துவிட்டார். இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாயிடம் கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கொழும்புத்துறையிலிருந்து திரும்பும்போது நாங்கள் புறப்பட்டதைவிடப் பெரிய கூட்டமாக இருந்தோம்.

பிறகு அரியாலையில் கண்டி வீதிக்கு ஏறினோம். அதோடு கதை மாறிவிட்டது. சிரித்துக் கதைத்துக்கொண்டு வந்தவர்கள் வாயை மூடி ஒற்றை வரிசையானோம். ஞாயிறு காலையிலும் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. வீதியைக் கடந்து செம்மணி வீதிப் பக்கம் திரும்ப நெடுநேரம் காத்து நின்றோம். பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி, பின்னால் வந்த வாகனத்தின் கோர்ன் சத்தத்துக்கு வெருண்டு, வெள்ளவாய்க்கால் ஓரத்துக்கு சைக்கிளைத் திருப்பினாள். வாய்க்காலுக்கு மூடி இல்லை. அவள் விழவில்லை, கடைசியில் வந்தவர் கையை நீட்டிக் கரியரைப் பிடித்துவிட்டார். அந்தப் பிள்ளை அதே வீதியால்தான் ஒவ்வொரு நாளும் தனியே பள்ளிக்கூடம் போகிறாள். அன்று பிடிப்பதற்கு ஆள் இருந்தது.

முதல்வர் அவர்களே, உறுப்பினர்களே, நீங்கள் அந்த இடத்தில் எங்களோடு நின்றிருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அறிக்கையாகப் படித்தால் அது "வடிகால் மூடி இன்மை" என்று ஒரு வரி. சைக்கிளில் நின்று பார்த்தால் அது வேறு விஷயம்.

யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் இளைய உறுப்பினர்கள் சிலருக்காகச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் பெற்றோல் கண்ணில் காண்பதே அரிது. கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். அதற்கும் வசதி இல்லாதவர்கள், அதாவது எங்களில் அநேகர், சைக்கிளில்தான் வாழ்ந்தோம். தென்மராட்சியிலிருந்து விறகு சைக்கிளில் வந்தது. நோயாளி கரியரில் வைத்தியசாலைக்கு வந்தார். கிளாலிக் கடலைக் கடந்து குடாநாட்டுக்கு வெளியே போகிறவர்கள் கிளாலி வரைக்கும் சைக்கிளில் போனார்கள். பற்றறி தடைசெய்யப்பட்டிருந்தது. அதனால் இரவில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டோம். 1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30ஆம் திகதி போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, வீட்டில் எடுத்துக்கொண்டு போகக்கூடியவை எல்லாம் சைக்கிளில்தான் இருந்தன. ஓடுவதற்கு இடமில்லை. மழையில், சனத்துக்குள், உருட்டிக்கொண்டு போனோம். திரும்பி வந்த பிறகு சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி உருட்டினோம்.

இதனால்தானோ என்னவோ, சைக்கிளை இல்லாமையோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் வந்துவிட்டது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் முதலில் கைவிடுவது சைக்கிளை. மகன் உயர்தரம் சித்தியடைந்தால் மோட்டார் சைக்கிள். வெளிநாட்டுக் காசு வந்தால் கார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. அவ்வளவு காலம் கஷ்டப்பட்டவர்கள் கொஞ்சம் இலகுவாகப் போக ஆசைப்படுவது நியாயம். ஆனால் 2022இல் எரிபொருள் இல்லாமல் போன மாதங்களை நினைத்துப் பாருங்கள். வரிசையில் இரவு பகலாக நின்று களைத்த பிறகு, மூலையில் சாத்தியிருந்த சைக்கிளைத் துடைத்து ரியூப் மாற்றிக்கொண்டு உத்தியோகத்தர்களும் வேலைக்குப் போனார்கள். சைக்கிள் விலை எங்கேயோ ஏறியது. பழைய லுமாலா சைக்கிளுக்கே ஆட்கள் அலைந்தார்கள். எங்கள் வீதிகள் அந்த நாட்களில் எவ்வளவு அமைதியாக இருந்தன என்று பலரும் சொன்னார்கள். எரிபொருள் வந்தது, சைக்கிள் திரும்ப மூலைக்குப் போனது. மூலைக்குப் போக முடியாத சைக்கிள்கள், பிள்ளைகளினதும் கூலித் தொழிலாளர்களினதும், வீதியிலேயே இருக்கின்றன.

போருக்குப் பிறகு எங்களுக்குக் காப்பெற் வீதிகள் கிடைத்தன. நல்ல விஷயம், குழியும் கல்லும் பார்த்து ஓடிய எங்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வீதி வழுவழுப்பானதும் வேகம் கூடிவிட்டது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஓரத்தில் சைக்கிள் போகலாம் என்று நினைத்தால், அங்கே ஹயஸ் வானோ ஓட்டோவோ நிற்கிறது. அதைச் சுற்றிப் போக நடுவீதிக்கு வர வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் மணல் டிப்பர் வந்தால் என்ன செய்வது? அகலித்தபோது நிழல் மரங்கள் பலவும் போய்விட்டன. சித்திரை நடுப்பகுதியில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். பாடசாலை விட்டு இரண்டு மணிக்கு வரும் பிள்ளைக்கு, நல்லூரிலிருந்து அரியாலை வரை ஒதுங்க எத்தனை மரம் இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

சரி, இதற்கும் ஒரு ஞாயிறு காலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

வெளியூர்களில் என்ன நடந்தது என்று கொஞ்சம் பாருங்கள். கொலம்பியாவின் தலைநகர் பொகொட்டாவில் 1974 மார்கழியில் சைக்கிள் விருப்பமுள்ள சிலர் சேர்ந்து முக்கிய வீதிகளைச் சில மணித்தியாலம் வாகனம் இல்லாமல் ஓடிப் பார்த்தார்கள். பிறகு நகர நிர்வாகமே அதை ஏற்றுக்கொண்டது. இன்று ஒவ்வொரு ஞாயிறும் விடுமுறை நாளும் காலை ஏழிலிருந்து பிற்பகல் இரண்டு வரை, 120 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வீதி சனங்களுக்குத் திறந்திருக்கிறது. நியூயோர்க்கில் பனிக்காலம் முடிந்து வசந்தம் வந்ததும், வைகாசி மாத முதல் ஞாயிறில், நகரின் ஐந்து பகுதிகளையும் தொட்டு 40 மைல் பாதையைப் பல்லாயிரம் பேர் சேர்ந்து ஓடுகிறார்கள். மற்ற நாட்களில் வாகனம் மட்டுமே போகும் பெரிய பாலங்களும் நெடுஞ்சாலைகளும் அன்று சைக்கிளுக்கு. அதுவும் 1977இல் சில நூறு பேரோடுதான் தொடங்கியது. அவ்வளவு பெரிய நகரங்களில் முடிகிறதென்றால், ஒரு மேடுகூட இல்லாத, ஒன்றரை மணித்தியாலத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய எங்கள் நகரத்தில் ஏன் முடியாது?

வீதியை மூடுவது எப்படி என்று உங்களுக்கு யாரும் கற்றுத்தரவும் வேண்டாம். ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாள் கோவிலைச் சுற்றிய வீதிகளை மூடுகிறீர்கள். தடை போடுகிறீர்கள், மாற்றுவழி அறிவிக்கிறீர்கள், தண்ணீர் வைக்கிறீர்கள், காலையும் மாலையும் துப்புரவு செய்கிறீர்கள். சுற்றியுள்ள வளவுகளில் கயிறு கட்டி, துண்டு கொடுத்து, ஆயிரக்கணக்கான சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ளச் சனங்களுக்கும் தெரியும். தேரன்று நகரமே நடந்து வருகிறது, ஒருவரும் குறைப்படுவதில்லை. நான் கேட்பது அதில் ஒரு நாளில் மூன்று மணித்தியாலத்துக்கும் குறைவு.

பாதையைப் பற்றி எங்களுக்கு ஒரு யோசனை இருக்கிறது. நூலகத்திலிருந்து கோட்டை, குருநகர், கடற்கரை வீதி, பாசையூர், கொழும்புத்துறை, அரியாலை, செம்மணி வீதி, பிறகு யமுனா ஏரியும் மந்திரிமனையும் பார்த்துக்கொண்டு நல்லூர், அங்கிருந்து திரும்ப நூலகம். ஆஸ்பத்திரி வீதியைத் தொடவே கூடாது. போதனா வைத்தியசாலைக்கு வரும் அம்புலன்ஸ் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கண்டி வீதியை மூட வேண்டியதில்லை, கடக்கும் இடத்தில் பொலிஸார் நின்று சில நிமிடம் மறித்துத் தந்தால் போதும். பங்குனி தவக்காலம். குருநகரிலும் பாசையூரிலும் காலைத் திருப்பலிக்குப் போகிறவர்களுக்கு இடைஞ்சல் வராதபடி பங்குத் தந்தையரிடம் முன்கூட்டியே கேட்டு நேரத்தை வையுங்கள், குருத்து ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். நோன்பு காலம் அந்த நாட்களில் வந்தால் ஐந்துசந்திப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்களிடமும் கேளுங்கள். மீன் சந்தை வியாபாரிகளுக்கு அது உழைப்பு நேரம், அவர்களின் வண்டிகளுக்கு வழி விட்டே ஆக வேண்டும். ஒருவருடைய அன்றாடச் சோற்றில் கை வைத்து நாங்கள் சைக்கிள் ஓட விரும்பவில்லை.

பஸ் சங்கங்களும் ஓட்டோச் சங்கங்களும் எதிர்ப்புச் சொல்லக்கூடும். அவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களின் பிள்ளைகளும் சைக்கிளில்தான் ரியூசனுக்குப் போகிறார்கள்.

இன்னொன்று. இந்த ஓட்டத்துக்கு ரீசேட் வேண்டாம், கம்பனி பதாகை வேண்டாம், பரிசு வேண்டாம், முதலாவதாக வந்தவர் என்று யாரும் வேண்டாம். பந்தயம் என்று வைத்தால் கியர் சைக்கிள் வைத்திருக்கும் பெடியன்கள் மட்டும் வருவார்கள். நான் காண விரும்புவது துருப்பிடித்த மட்காட்டோடு வரும் மேசனையும், கூடை பூட்டிய லேடீஸ் சைக்கிளில் வரும் தாதியையும், பென்சன் எடுத்த தபாற்காரரையும்தான். மாற்றுத்திறனாளிகள் ஓடும் மூன்று சில்லுச் சைக்கிள்களும் வர வேண்டும். போரில் கால் இழந்தவர்கள் இந்த நகரத்தில் எத்தனை பேர் அப்படிப் போய்வருகிறார்கள்! அவர்களின் வேகம்தான் அன்று எல்லோருடைய வேகமாகவும் இருக்கட்டும்.

இங்கே பொது நிகழ்வுகளில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தினர் வருவார்கள், மாலை விழும், கொடியை அசைத்துத் தொடக்கிவைப்பார்கள், படம் எடுத்து முடிந்ததும் வாகனத்தில் போய்விடுவார்கள். தயவுசெய்து அப்படி வேண்டாம். மாலையும் வேண்டாம், உரையும் வேண்டாம். சைக்கிள் இல்லாத உறுப்பினருக்குச் சைக்கிள் நாங்கள் தருகிறோம். ஓடிப் பழக்கம் விட்டுப்போனவர்களுக்குப் பக்கத்தில் ஆள் வருவார். உடல்நிலை இடம் தராதவர்கள் மூன்று சில்லுச் சைக்கிளில் வரலாம். கோட்டையடியில் காற்று முகத்தில் படும். நல்லூர் வீதியில் உங்களுக்கு வாக்குப் போட்டவர்களும் போடாதவர்களும் பக்கத்தில் ஓடிக்கொண்டே தங்கள் ஒழுங்கையின் பிரச்சினையைச் சொல்லுவார்கள். கண்டி வீதியில் கால் ஊன்றிக் காத்து நிற்கும்போது பொலிஸார் மறித்துத் தராத மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகள் எப்படிக் கடக்கிறார்கள் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

வீதிகள் எல்லாம் சபையின் கையில் இல்லை என்பது தெரியும். பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினது, சில மாகாணத் திணைக்களத்தினது, ஒழுங்கைகளும் உள்வீதிகளும் உங்களது. அதனால் அந்தப் பொறியியலாளர்களையும் போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரியையும் சபையின் பெயரில் நீங்களே அழையுங்கள். முதல்வர் சைக்கிளில் வருகிறார் என்றால் அவர்களும் வருவார்கள். ஓடி முடித்த பிறகு நூலக முன்றலில் ஒரு மேசை போட்டு, ஓடியவர்கள் கண்டதை எழுதிக்கொடுக்கட்டும். எந்த வாய்க்காலுக்கு மூடி இல்லை, எந்தச் சந்தியில் கடக்க முடியவில்லை, எங்கே நிழல் மரம் நட இடம் இருக்கிறது, பஸ் நிலையத்தடியில் சைக்கிளைப் பூட்டிவைக்க எங்கே இடம் தரலாம். அடுத்த சபை அமர்வில் அந்தத் தாள்களை மேசைக்கு எடுத்து, எதை இந்த வருடம் செய்வோம், எதை யாரிடம் கேட்போம் என்று முடிவெடுங்கள். பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. வாய்க்கால் மூடியும் வெள்ளைக் கோடும் வேப்பங்கன்றும் உங்கள் வரவு செலவுக்குள் அடங்கும்.

பொலிஸ் அனுமதிக்கும் மாற்றுவழி அறிவித்தலுக்கும் இரண்டு மாதமாவது வேண்டும். ஆகவே இந்த மடலைத் தை மாத அமர்வுக்கு முன் எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறேன். சம்மதம் என்றால் திகதியை அறிவியுங்கள். சந்திகளில் நிற்கவும், முன்னும் பின்னும் ஓடவும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். சைக்கிள் கடை அண்ணையும் பம்மோடு வருவார். சம்மதமில்லை என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். நாங்கள் எப்படியும் பங்குனியில் ஓடத்தான் போகிறோம், வீதி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும். நீங்கள் வந்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.

அன்புடன்,
அரியாலையிலிருந்து சைக்கிளில் வரும் ஓர் ஆசிரியை